புதிய இருதயமும் பழைய கிருமியும்

(புதியம்புத்தூரில் நடந்த மருத்துவ ஊழிய ஞாயிறு கூடுகையில் எங்கள் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)

கரிசலில் உளுந்தும் பாசியும் முளைத்து நிற்கிற நேரம் இது. காட்டில் களையெடுப்பு இருக்கிறது. தையல் யூனிட்டுகளில் கிறிஸ்துமஸ் ஆர்டரும் பொங்கல் ஆர்டரும் குவிந்து கிடக்கின்றன. அதற்கு நடுவிலும் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போன கூடுகையில் ஒரு தாயார் எழுந்து எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஐயா, ஒருத்தர் நெஞ்சைத் திறந்து இன்னொருத்தர் இருதயத்தையே எடுத்து வச்சுப் பொழைக்க வைக்கிறாங்க. அதுக்கப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி வந்தா மருந்து கேக்கலேன்னு கையைப் பிசையிறாங்களே, அது எப்படி?" அன்றைக்கு எங்களால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. மருத்துவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். நாங்கள் இறையியல் கல்லூரியில் படித்தவர்களே தவிர மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். ஆகவே இந்த உரையை மருத்துவர் ஒருவர் வாசித்துத் திருத்திக் கொடுத்த பிறகே கொண்டு வந்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் மருத்துவமனையில் இருதய மாற்று அறுவைச் சிகிச்சை நடப்பதில்லை. அதற்கு இங்கிருந்து ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர் தள்ளி சென்னைக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டும். ஆனாலும் அந்தச் சென்னைக் கட்டிலுக்கும் நம் ஊர் மருந்துக்கடைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

உலகத்தில் முதல் முதல் மனித இருதயத்தை மாற்றி வைத்தவர் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் இருந்த கிறிஸ்டியான் பர்னார்ட். அவருடைய தகப்பனார் ஒரு மிஷன் சபையின் குருவானவர் என்பதை நம்மில் அநேகர் அறியார். 1967 டிசம்பர் 3-ஆம் தேதி, கார் மோதி மூளை செயலற்றுப்போன ஒரு வாலிபப் பெண்ணின் இருதயத்தை லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்ற மளிகை வியாபாரிக்கு வைத்தார். இருதயம் நன்றாகத் துடித்தது. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பதினெட்டாம் நாள் அந்த மனிதர் மரித்தார். இருதயம் கெட்டதால் அல்ல. கடைசி மட்டும் இருதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நுரையீரலிலும் பாக்டீரியாக் கிருமி புகுந்து நிமோனியா கண்டு மரித்தார். படத்தில் நுரையீரலில் தெரிந்த நிழலை, உடம்பு புதிய இருதயத்தை ஏற்க மறுப்பதன் அடையாளம் என்று முதலில் எண்ணி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை மருத்துவர்கள் கூட்டினார்கள். கிருமிக்கு அது வசதியாகிவிட்டது. மறு மாதமே, 1968 ஜனவரி 2-ஆம் தேதி, அதே பர்னார்ட் பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவருக்கு இருதயம் மாற்றினார். அவர் ஏறக்குறைய பத்தொன்பது மாதம் உயிரோடு இருந்தார்.

ஆகவே அந்தத் தாயார் கேட்ட கேள்வி முதல் நோயாளியின் கட்டிலண்டையிலேயே எழுந்த கேள்வி. ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகியும் அது தீரவில்லை.

நம் தேசத்தில் 1968-லேயே பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் முயன்றார்; நோயாளி சில மணி நேரமே பிழைத்திருந்தார். 1994-இல் உறுப்பு மாற்றுக்கென்று சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பி. வேணுகோபால் குழுவினர் வெற்றிகரமாகச் செய்து முடித்தார்கள். தமிழ்நாட்டில் இதைப் பட்டிதொட்டியெல்லாம் பேசவைத்தது 2008 செப்டம்பரில் நடந்த ஹிதேந்திரனின் காரியம். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியரின் மகன். இருசக்கர வாகன விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் துக்கத்தின் நடுவிலே அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இருதயம் ஒரு சிறுமிக்குப் போயிற்று. உறுப்பு கொடுப்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

இப்படி ஒரு குடும்பம் கண்ணீரோடு கொடுத்த இருதயம், அறுவைச் சிகிச்சையில் தோற்காமல் கிருமியிடம் தோற்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்ன புதிய இருதயத்தைப் பற்றி நாங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். பிரசங்க மேடையில் அது இலகுவாக வந்துவிடுகிறது. மருத்துவமனையில் அப்படியில்லை. உடம்பு தன்னுடையது எது, அந்நியமானது எது என்று அறியும். புதிய இருதயத்தை அந்நியன் என்று கண்டு தாக்கும். ஆகவே டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகளால் அந்தக் காவலைத் தணித்து வைக்கிறார்கள். உயிருள்ள காலமெல்லாம் இப்படி மாத்திரை சாப்பிட வேண்டும். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகே இந்தச் சிகிச்சை நிலைத்தது. நார்வே தேசத்திலிருந்து எடுத்துப்போன ஒரு பிடி மண்ணில் இருந்த பூஞ்சையில் அது கிடைத்தது. 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

காவல்காரனைத் தூங்க வைத்தால் அந்நியனும் வருவான், திருடனும் வருவான். இதுதான் சிக்கல். சாதாரண மனுஷருக்குப் புண்ணில் சீழ் வைத்தால் காய்ச்சல் அடிக்கும், சிவக்கும், வலிக்கும். இவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே தெரியாது. சோர்வாக இருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்பார்கள். உள்ளே இரத்தத்தில் கிருமி பரவியிருக்கும்.

கிருமி எங்கிருந்து வருகிறது? முதல் மாதத்தில் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்தே வருகிறது. மார்பெலும்பைப் பிளந்த காயம், கழுத்து நரம்பில் போட்ட குழாய், மூச்சுக் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகிய நான்கும் கிருமிக்கு நான்கு வாசல்கள். இருதயம் கிடைக்கும் வரை பல வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பல ஆன்டிபயாட்டிக் ஊசிகளைப் பார்த்த நோயாளியின் குடலிலேயே முரட்டுக் கிருமி குடியேறியிருப்பதும் உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. இருதயம் கொடுத்தவரும் சில நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்தானே? அவர் இரத்தத்திலோ நுரையீரலிலோ இருந்த கிருமி உறுப்போடு கூட வந்துவிடலாம். எடுத்த இருதயத்தை ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டும். கொடுத்தவரின் கல்ச்சர் பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். தாள் வந்து சேரும்போது இருதயம் புதிய மார்பில் துடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தத் தாளை உடனே தேடி வாங்கிப் பார்க்கும் ஆளும் ஒழுங்கும் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இனி, மருந்து ஏன் கேட்பதில்லை என்ற பகுதிக்கு வருவோம். பருத்தி போட்ட பெரியவர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பைரித்ராய்டு மருந்து வந்த புதிதில் ஒரு தெளிப்புக்குக் காய்ப்புழு கொத்துக் கொத்தாய் விழுந்தது. சில வருஷத்தில் வாரம் ஒரு தெளிப்பு அடித்தும் புழு அசையவில்லை. மருந்துக்குச் சாகாத சில புழுக்கள் தப்பின. அவற்றின் குஞ்சுகளே காடு முழுக்க நிரம்பின. கிருமிக்கும் இதே கணக்குத்தான். வித்தியாசம் என்னவென்றால் புழுவுக்குத் தலைமுறை ஒரு மாதம். கிருமிக்கு அரைமணி நேரம் கூட ஆகாது.

தப்பிக்கும் வழியை, கட்டிங் மாஸ்டர்கள் நிறைந்த இந்த ஊரிலே கத்தரியை வைத்துச் சொல்லலாம். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றிலும் நான்கு மூலை கொண்ட ஒரு சிறு வளையம் இருக்கிறது. அந்த வளையம் முழுசாக இருந்தால்தான் மருந்து வேலை செய்யும். கிருமி ஒருவகைக் கத்தரியைத் தயாரித்து அதை வெட்டிவிடுகிறது. மனுஷர் கெட்டித் துணியாக அடுத்த மருந்தைச் செய்தார்கள். கிருமி கூர்மையான கத்தரியைச் செய்தது. கடைசியில் வெட்டவே முடியாது என்று நம்பிய துணி கார்பாபெனம் வகை, மெரோபெனம் ஊசி போன்றவை. அதையும் வெட்டுகிற கத்தரி ஒன்றுக்கு என்.டி.எம்.-1 என்று பெயர். டெல்லியின் பெயரைத் தாங்கியது. டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-இல் அது முதலில் கண்டெடுக்கப்பட்டது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதலான ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இந்தக் கத்தரி இருந்ததாகச் சொன்னார்கள். டெல்லியின் பெயரை வைத்ததற்காக அப்போது தேசத்தில் பெரிய சத்தம் எழுந்தது. பெயரைப் பற்றிய சத்தத்தில் பாதியாவது கிருமியைப் பற்றி எழுந்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இதில் பயப்பட வேண்டிய காரியம் வேறொன்று. இந்தக் கத்தரி செய்யும் பேட்டர்ன் அட்டையை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் பக்கத்துக் கிருமி வேறு ஜாதியாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட கிருமி, க்ளெப்சியெல்லாவோ அசினெட்டோபாக்டரோ, இருதயம் மாற்றியவருக்கு வந்துவிட்டால் என்ன செய்கிறார்கள்?

மருந்துக்கு முன்னால் இரத்தம் எடுக்கிறார்கள். கல்ச்சர் பாட்டிலில் இரத்தம் ஏறுவதற்கு முன் ஊசி போட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும். பிறகு எந்த மருந்து கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக ஊசியைத் தாமதிக்கவும் கூடாது. அந்த மருத்துவமனையில் என்ன கிருமி உலாவுகிறது என்ற கணக்கைப் பார்த்து, பலத்த மருந்தை அந்த மணி நேரத்திலேயே ஆரம்பிக்கிறார்கள்; கல்ச்சர் முடிவு வந்ததும் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துகிறார்கள். பழைய குழாய்களை உருவுகிறார்கள். மார்பெலும்பின் கீழே சீழ் இருந்தால் திரும்பத் திறந்து கழுவுகிறார்கள். சீழை வைத்துக்கொண்டு எந்த மருந்தும் ஜெயிக்காது. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை வைத்த காலத்திலிருந்தே புண்ணிருக்கும் இடத்தைக் கவனித்திருக்கிறார்கள்.

அடுத்தது எடை போடுகிற வேலை. காவல்காரனைக் கொஞ்சம் எழுப்பினால் கிருமியை அவனே பிடிப்பான். ஆகவே அடக்கும் மருந்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். சிறுநீரகம் மாற்றியவருக்கு உயிராபத்து வந்தால் அந்த மருந்தை அடியோடு நிறுத்திவிடலாம். சிறுநீரகம் போனாலும் டயாலிசிஸ் இருக்கிறது, உயிர் நிற்கும். இருதயத்துக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு வழி இல்லை. குறைத்தால் இருதயம் போகும். குறைக்காவிட்டால் கிருமி ஜெயிக்கும். ஆகவே கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, இருதயத் தசையில் கடுகளவு கிள்ளியெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். வாஷ்கான்ஸ்கியின் நுரையீரல் நிழலுக்கு எது காரணம் என்று அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாததை இன்றைக்கு இப்படித் தேடுகிறார்கள்.

மெரோபெனம் கேட்காத கிருமிக்கு நெடுநாள் கையில் இருந்தது கொலிஸ்டின். ஜப்பானில் மண் கிருமியிலிருந்து எடுத்த பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரமாய் வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். இருதயம் மாற்றியவர் சாப்பிடும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்தைத்தான் தொடும். இரண்டும் சேர்ந்தால்? தினமும் கிரியாட்டினின் பார்த்து, டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் அளந்து, துளித் துளியாய்த் திருத்துகிறார்கள். இதைவிட மேலான வழி பிற்பாடு வந்திருக்கிறது. அஸ்ட்ரியோனம் என்ற துணியை என்.டி.எம். கத்தரியால் வெட்ட முடியாது; ஆனால் அதே கிருமி வைத்திருக்கும் வேறு கத்தரிகள் வெட்டிவிடும். அவிபாக்டம் என்ற பொருள் அந்த வேறு கத்தரிகளை மழுக்கும். ஆகவே செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஊசியையும் அஸ்ட்ரியோனத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விலை ஏழைக் குடும்பத்தைத் திகைக்க வைக்கும். சென்னையிலுள்ள ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்ற கத்தரி மழுக்கி, செஃபிபிம் மருந்தோடு சேர்ந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. நமக்குச் சந்தோஷமே. ஆனாலும் அது என்.டி.எம். கத்தரிக்கு எதிராக அல்ல, வேறு கத்தரிகளுக்குத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனதில்லை. முரட்டு ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்குக் கொடுக்கும் வாங்கோமைசின் எப்படிக் கிடைத்தது தெரியுமா? 1950-களின் தொடக்கத்தில் போர்னியோ காட்டில் ஊழியம் செய்த ஒரு மிஷனெரி, அமெரிக்காவில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்த சிநேகிதருக்கு ஒரு பொட்டலம் மண் அனுப்பினார். அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். 1958-இல் பயனுக்கு வந்தது. ஆரம்பத்தில் அழுக்கு நீங்காமல் பழுப்பாய் இருந்ததால் மிசிசிப்பிச் சேறு என்று கேலி செய்தார்களாம். அதற்கு அடுத்து வந்த டாப்டோமைசின் எடுத்த மண் அராராத் மலையடிவாரத்து மண்! ஆனால் நுரையீரலுக்குள் அந்த மருந்து செயலற்றுப் போகும், நிமோனியாவுக்கு உதவாது. எந்த மருந்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இப்போது நம் மருந்துக்கடைக்கு வருவோம். சளி, தும்மல், சாதாரணத் தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருவது; ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. ஆனாலும் யூனிட்டில் ஒருநாள் கூலி போய்விடுமே என்று ஒரு பிள்ளை கடையில் நின்று, "போன தடவை குடுத்த மாத்திரை ரெண்டு குடுங்கண்ணே" என்று வாங்குகிறது. இரண்டு நாள் சாப்பிட்டு மீதியை அம்மாவுக்குக் கொடுக்கிறது. கோழிப் பண்ணையிலும் இந்த மருந்துகள் தீவனத்தில் போயின. கொலிஸ்டினையே கோழிக்குக் கொடுத்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது. ஒவ்வொரு வீணான மாத்திரையும் ஒரு தெளிப்பு. சாகாத கிருமி குடலில் தங்குகிறது, கழிவுநீரில் போகிறது, ஒருநாள் ஆம்புலன்ஸில் ஏறிப் பெரிய மருத்துவமனைக்கும் போகிறது. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இதைத் தடுக்கத் திட்டம் வகுத்தார்கள்; சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை அமலில் இருக்கிறது. அதிலுள்ள மருந்தைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரையும் எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024-இல் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைத் தேடிப் பிடிக்கும் சோதனைகளைத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் நாங்கள் செய்யக்கூடியது கல்ச்சர். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அந்தப் பாட்டில்களுக்கும் தட்டுகளுக்கும் போகிறது. திறப்பு விழா வைக்கவோ படம் எடுக்கவோ அதில் ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீர்க் கல்ச்சர் பார்த்து ஒரு சாதாரண மருந்தால் குணமான கர்ப்பிணித் தாய், மெரோபெனத்தை மற்றொருவருக்காக மிச்சம் வைத்தார்கள் என்றே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

இருதயம் மாற்றியவர் ஒருவர் உங்கள் தெருவுக்குத் திரும்பினால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அவருக்குக் காய்ச்சல் என்றால் உள்ளூர்க் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதேயுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மாத்திரைகள் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை இறக்கி இருதயத்தையே மறுக்க வைக்கும். அவருடைய சென்னை மருத்துவருக்கு முதலில் போன் பண்ண வேண்டும்.

கடைசியாக, எங்களைப் போன்ற குருவானவர்களுக்கும் உங்களுக்கும் உரியது. நோயாளியைப் பார்க்கப் போவது நம் கடமை. ஆனால் ஒரு வேனில் இருபது பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலைச் சுற்றி நிற்பது அவருக்கு உதவாது. எங்கள் வார்டுகளில் நாங்களே இந்த ஒழுங்குக்கு வரச் சில காலம் பிடித்தது. ஒரு கட்டிலில் தலைமேல் கை வைத்து ஜெபித்துவிட்டு, அதே கையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் ஜெபத்தோடு கிருமியும் போகும். ஆகவே ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்கிறோம். வேதாகமத்தை மெத்தைமேல் வைப்பதில்லை. நீளக் கை அங்கியை வார்டுக்குள் அணிவதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை முதலில் பார்த்துவிட்டு, சீழ்ப்புண் உள்ளவர்களைக் கடைசியில் பார்க்கிறோம். சில பெரியவர்களுக்கு இது வருத்தமாயிருந்தது. குருவானவர் எங்களைத் தொட்ட கையைக் கழுவுகிறாரே என்றார்கள். கழுவுவது அடுத்த கட்டிலில் இருக்கும் உங்கள் அண்ணாச்சிக்காக என்று சொன்ன பிறகு, அவர்களே எங்களுக்கு நினைவூட்ட ஆரம்பித்தார்கள்.

திருவிருந்தும் அப்படியே. ஒரே பாத்திரத்தில் பருகுவது நம் சபையின் வழக்கம். உறுப்பு மாற்றியவருக்கு அறையிலேயே, கொதிநீரில் போட்டெடுத்த தனிக் கிண்ணத்தில் கொடுக்கிறோம். அப்பத்தை அவருக்கென்று தனியே மூடி எடுத்துப்போகிறோம். அவர் ஆராதனைக்கு வரத் தொடங்கும்போது ஜன்னலோரத்தில் ஓர் இருக்கையை விட்டுவைத்து, சமாதானம் சொல்லுகையில் கைகொடுக்காமல் கைகூப்பினால் போதுமானது. அந்தத் தாயார் இன்றைக்கும் முன்வரிசையில் இருக்கிறார்கள். மறுபடியும் ஏதோ கேட்கக் கையை உயர்த்துகிறார்கள். பதில் சொல்ல இந்த முறை மருத்துவரையே அழைத்து வந்திருக்கிறோம்.